காலருக்குள் ஒரு தையல்

மார்ச் 3

என் ஊமைக்கோட்டானுக்கு,

அத்தை எழுதறேன். ஆண்டவன் புண்ணியத்துல நான் நல்லா இருக்கேன், முட்டி மட்டும் நல்லா இல்ல. போன் பண்ணா எடுக்க மாட்டேங்கற. நாலு மாசமா அடிச்சு அடிச்சு அந்தப் போனுக்கே தொண்டை கட்டியிருக்கும். கடுதாசிய அப்படி விட முடியாது பாரு, உன் ஹாஸ்டல் வாசல்ல வந்து சப்பணம் போட்டு உக்காந்துக்கும். விலாசம் உங்கம்மா கொடுத்தாங்க. கொடுக்கறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் எனக்கு புத்திமதி வேற. அண்ணின்னு பாத்து பொறுத்துக்கிட்டேன்.

மன்னிப்புக் கேக்க எழுதறேன்னு நினைக்காத. சண்டைன்னா ரெண்டு பக்கமும் வாய் இருக்கணும். உனக்கு வாய் இல்லாததால என் சத்தம் மட்டும் தெருவுக்கே கேட்டுச்சு, அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வரேன். முக்குல ஒரு பெரிய சலவைக் கடை வந்திருக்கு. வண்டி விட்டு வீட்டு வாசல்லயே அழுக்குத் துணிய வாங்கிட்டுப் போறானுங்க. நம்ம கடையில பாதி கொக்கி காலி. மெஷின் ஒழுகுது. அடியில வாளி வெச்சேன், வாளியும் ஒழுகுது. நீ போனதுக்கப்புறம் ரெண்டு மூணு சட்டை வேற ஆள் மாறிப் போயிடுச்சு. வயசாகுதில்ல, ஆண்டவன் என் ஞாபகத்த சோதிக்கிறான்போல. போன வாரம் கடை சொந்தக்காரர் வந்தார். மே மாசக் கடைசிக்குள்ள வாடகைப் பாக்கி தீரலன்னா வேற ஆளுக்கு விட்டுடுவேன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போறார். இருபத்திரண்டு வருஷக் கடை. எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல.

அதே வாரம் பாரு, பின்தெரு ஆஸ்பத்திரியில இருந்து பெரிய நர்ஸம்மா வந்தாங்க. வாரம் அறுபது வெள்ளை கோட்டு தரேன், ஆனா நல்ல மெஷின் இருக்கணும்னாங்க. ஆண்டவன் ஒரு கதவ மூடினா ஜன்னலத் திறப்பான்னு சொல்வாங்க. திறந்தான், ஆனா எட்டாத உயரத்துல திறந்திருக்கான்.

அதான்... கடைக்காரங்க சங்கத்துக்குப் போனேன். படிச்சுட்டுச் சிரிக்காத. நம்ம தெருவுல எல்லாரும் வாராவாரம் கொஞ்சம் போட்டு, தொழிலுக்குன்னு ஒருத்தருக்கொருத்தர் கடன் கொடுத்துக்கறாங்களே, நீ போன வருஷம் சொல்லிச் சொல்லிப் பாத்தியே, அதே சங்கம்தான். "கடன் வாங்கி நடத்தறதுக்குக் கடைய இழுத்து மூடிடலாம்"னு கத்தினவ நான்தான். இல்லேங்கல. அன்னைக்கு அது சரி. இன்னைக்கு ஆண்டவன் வேற மாதிரி சொல்றான், நான் என்ன பண்ண?

பத்திரம், நகை எதுவும் கேக்கல. கண்ணாடியம்மான்னு ஒருத்தங்க, தொழிலுக்கு யோசனை சொல்றதுக்குன்னே சங்கத்துல இருக்காங்க. அவங்க காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நம்ம கடையில நாற்காலி போட்டு உக்காந்து பாப்பாங்களாம். பேசவே மாட்டாங்களாம்! அப்புறம் பாத்தத சங்கத்துல எல்லார் முன்னாடியும் வாசிப்பாங்களாம். அப்படி என்னத்த பாப்பாங்க? உனக்குத்தான் தெரியும். எழுது.

சாப்பிடறியா?

அத்தை

*

மார்ச் 11

அத்தைக்கு,

நலம். இங்கே ஹோட்டல் சலவைப் பிரிவில் வேலை. தரைக்குக் கீழே நீளமான ஓர் அறை. ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்புகள். எது யாருடையது என்று யாரும் கேட்பதில்லை.

கண்ணாடியம்மா மெஷினைப் பார்க்க வரமாட்டார், உங்களைப் பார்க்க வருவார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். டீயும் பன்னும் கொடுத்துக் கவிழ்க்கப் பார்க்காதீர்கள். ரொட்டிக் கடைக்காரர் அப்படிச் செய்துதான் அவருக்கு அடுப்புக் கடன் ஒரு மாதம் தாமதமானது. தப்பு இருந்தால் மறைக்க வேண்டாம். அவர்கள் தப்புக்காக யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

நீங்கள் அன்றைக்குச் சொன்னது கடனைப் பற்றி மட்டும் இல்லை. "மூலையில உக்காந்து நூல் கோக்கறதத் தவிர இந்தக் கடைக்கு என்ன கிழிச்ச?" என்று கேட்டீர்கள். கடையில் நான்கு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் இருந்தது.

சாப்பிடுகிறேன்.

*

மார்ச் 22

என் கண்ணுக்கு,

உன் கடுதாசி வந்துச்சு. அது கடுதாசியா, தந்தியா? பேப்பர்ல பாதிக்கு மேல வெள்ளையா கிடக்கு. அந்த ஹோட்டல்ல பேசறதுக்குக் காசு பிடிக்கறாங்களா?

கண்ணாடியம்மா வந்துட்டுப் போயிட்டாங்க. அந்த ஒரு நாள் எனக்கு ஒரு யுகம். கையில ஒரு நோட்டு, மூக்கு நுனியில கண்ணாடி, கதவோரமா நாற்காலி. நான் பாட்டுக்கு சாமி படத்தக் கும்பிட்டுட்டு வேலைய ஆரம்பிச்சேன். பேசக் கூடாதுன்னு நாக்கக் கடிச்சுக்கிட்டேன். பத்து நிமிஷம் இருந்தேன், உன்மேல சத்தியமா இருந்தேன். அப்புறம் "முட்டி வலிக்கு உங்களுக்கு யாராச்சும் நல்ல வைத்தியர் தெரியுமா?"ன்னு கேட்டுட்டேன். அவங்க நோட்டுல ஏதோ எழுதினாங்க. வைத்தியர் பேரோன்னு எட்டிப் பாத்தேன், இல்ல.

மறுநாள் சங்கத்துல வாசிச்சாங்க பாரு. ரொட்டிக் கடைக்காரர், பூட்டுக்காரர், செருப்புத் தைக்கிறவர் எல்லாரும் உக்காந்திருக்காங்க. "இந்த அம்மா ஒரு நாள்ல நாப்பத்தியோரு தடவை வேலைய விட்டுட்டு வாசலுக்குப் பேசப் போனாங்க." எல்லாரும் சிரிச்சாங்க. "எவ்வளவு ஆச்சுன்னு கேட்ட பதினோரு பேருகிட்ட, கொடுக்கறத கொடுங்க, ஆண்டவன் பாத்துக்குவான்னாங்க. அதுல ஆறு பேரு கொடுத்தது சோப்புத்தூளுக்கே காணாது." எனக்கு முகம் சுருங்கிப் போச்சு. ரொட்டிக் கடைக்காரர் மெதுவா, "ஆண்டவன் உங்களப் பாத்துக்குவான்மா, மெஷின யாரு பாத்துக்கறது?"ங்கறார். பேச்சப் பாரு!

அப்புறம்தான் அவங்க சொன்னாங்க. "ஆனா இந்தக் கடையில ஒண்ணு இருக்கு. பழைய வாடிக்கைக்காரங்க துணி ஒவ்வொண்ணுலயும், காலருக்கு உள்பக்கமா, எள்ளு அளவுல தையல் போட்டிருக்கு. சிவப்பு, பச்சை, நீலம்னு. ஒரு தையல், ரெண்டு தையல், மூணு தையல்னு. தெருவுக்கு ஒரு நிறம், வீட்டுக்கு ஒரு எண்ணிக்கைன்னு நினைக்கிறேன். துணிக்காரங்களுக்கே தெரியாது, அவ்வளவு சின்னது. இப்படி அடையாளம் வெச்ச கடையில அறுபது கோட்டு இல்ல, அறுநூறு வந்தாலும் மாறாது. இத நம்பிக் கொடுக்கலாம்."

கண்ணு, எனக்கு ஒண்ணுமே ஓடல. இருபத்திரண்டு வருஷமா அந்தத் துணிகள கையில வாங்கறேன், கொடுக்கறேன். ஒரு காலரக்கூட திருப்பிப் பாத்ததில்ல. யாரு இந்த யோசனைன்னு கேட்டாங்க. நான் என்னமோ சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. கடன் கிடைச்சுடுச்சு. முதல்ல மெஷினுக்கு, ஒழுங்கா நடந்தா அப்புறம் உலர்த்தற மெஷினுக்கு.

சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். சிவப்பு எந்தத் தெரு? மூணு தையல்னா யாரு வீடு?

அத்தை

*

ஏப்ரல் 1

அத்தைக்கு,

"என்னமோ சொன்னேன்" என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். "நான்தான்" என்று சொல்லியிருக்கிறீர்கள்.

நான் கடைக்கு வந்த முதல் மாதம், வாத்தியார் வீட்டுச் சட்டை தபால்காரர் வீட்டுக்குப் போய்விட்டது. வாத்தியார் உங்களிடம் கத்திவிட்டுப் போனார். நீங்கள் சாமி படத்துக்கு முன்னால் நின்று "என் ஞாபகத்தப் பிடுங்கிடாத" என்று அழுதீர்கள். மறுநாள்தான் நான் நூல் வாங்கினேன். மூன்று வருடம், துணி வந்தவுடன் மூலையில் உட்கார்ந்து தையல் போட்டு, துவைத்து வந்த பிறகு அதைப் பார்த்துத் துணிகளைத் தனித்தனியாகப் பிரித்து, வீட்டுக்கு ஒரு கொக்கி என்று மாட்டி வைத்தேன். நீங்கள் கொக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்து, "ஒரு துணியாவது மாறியிருக்கா? ஆண்டவன் என் மண்டையில எழுதி வெச்சிருக்கான்" என்று பெருமையாகச் சொல்வீர்கள். அப்போது உங்கள் முகம் நன்றாக இருக்கும். அதனால் சொல்லவில்லை.

சிவப்பு எந்தத் தெரு என்று சொல்லமாட்டேன். உங்கள் யோசனைதானே, உங்களுக்கே தெரிந்திருக்கும்.

*

ஏப்ரல் 19

அம்மாடி,

உன் கடுதாசி வந்து பதினஞ்சு நாள் ஆச்சு. இந்தப் பதினஞ்சு நாள்ல ஏழு தடவை எழுத உக்காந்தேன். எனக்கே வார்த்தை வரலன்னா பாத்துக்கோ.

மெஷின் வந்துச்சு. அழகா இருக்கு, சத்தமே இல்ல, கோயிலுக்குள்ள நின்ன மாதிரி. முதல் வாரம் அறுபது கோட்டும் வந்துச்சு. எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே அளவு, உள்ள இருக்கற ஆள் மட்டும் வேற. பேரு எழுதின சீட்டு பாதியில இல்ல. நீ சொல்ல மாட்டேன்னுட்ட. சரி, நமக்கும் ரெண்டு கை இருக்குன்னு நானே நூல் வாங்கினேன். கீழ்த்தளத்து டாக்டருங்களுக்கு சிவப்பு. ஊசியில நூல் கோக்கவே அரை நாள் போச்சு. இருபத்திரண்டு கோட்டுக்குப் போட்டு முடிச்சு, ஆஸ்பத்திரித் துணியாச்சேன்னு நல்லாக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணி வெச்சுத் துவைச்சேன்.

மெஷின் கதவத் திறந்தேன். இருபத்திரண்டு காலரும் ரோஜாப்பூ.

உக்காந்துட்டேன். ஆண்டவனக்கூடக் கூப்பிடல. பெரிய நர்ஸம்மா வந்து ஒண்ண எடுத்து வெளிச்சத்துல காட்டி, "ஏம்மா, எங்க டாக்டருங்க ஆபரேஷன் பண்றாங்களா, கல்யாணத்துக்குப் போறாங்களா?"ன்னாங்க. மாசக் கடைசி வரைக்கும் பாப்பாங்களாம். அதுக்குள்ள வெள்ளையாகலன்னா அறுபதும் முக்குக் கடைக்குப் போயிடும். ஆஸ்பத்திரி போச்சுன்னா கடையும் போச்சு. செருப்புத் தைக்கிறவர் புது மிதிமெஷினுக்கு சங்கத்துல எழுதிக் கொடுத்திருக்கார். நான் ஒழுங்காத் திருப்பினாத்தான் அவருக்குக் கிடைக்கும். அவரு என்னப் பாத்துத் தலைய ஆட்டிட்டுப் போறார், ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

நேத்து சங்கக் கூட்டம். எந்திரிச்சேன். "அந்தத் தையல் என் யோசனை இல்ல. எங்க அண்ணன் மக போட்டது. மூணு வருஷமாப் போட்டிருக்கா, எனக்குத் தெரியாது. அவள நாலு பேரு முன்னாடி என்ன கிழிச்சன்னு கேட்டேன், அவ போயிட்டா. அப்புறம் உங்க முன்னாடி நான்தான்னு பொய் சொல்லி மெஷின வாங்கிட்டேன். வேணும்னா திருப்பி எடுத்துக்கோங்க"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். என் வாழ்க்கையிலயே குட்டியாப் பேசினது அதுதான்.

கண்ணாடியம்மா கண்ணாடியக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "எனக்கு அன்னைக்கே தெரியும்மா. ஒரு பட்டன் தைக்க நீங்க ஊசிக்கு நூல் கோக்கறதுக்குள்ள நான் ரெண்டு பக்கம் எழுதிட்டேன். அந்த எள்ளுத் தையல் உங்க கை இல்ல"ன்னாங்க. அப்ப ஏன் கொடுத்தீங்கன்னு கேட்டேன். "கடைக்குக் கொடுத்தோம். கடையில அந்தக் கை இருக்குன்னு நினைச்சோம். போயிடுச்சுன்னு நீங்க சொல்லல"ன்னாங்க.

மெஷின எடுக்கல. கோட்டு சரியாகுதான்னு மாசக் கடைசியில பாப்பாங்களாம்.

உன்ன வான்னு கூப்பிட எனக்கு வாயில்ல. நாலு பேரு முன்னாடி சொன்னத நாலு பேரு முன்னாடிதான் எடுக்க முடியும், எடுத்துட்டேன். இப்ப உன்கிட்ட. தப்பு என்னோடதுடி.

அத்தை

*

ஏப்ரல் 23

அத்தைக்கு,

இதை உடனே படித்து உடனே செய்யுங்கள். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

இருபத்திரண்டு கோட்டுக்கும் இஸ்திரி போட்டுவிடாதீர்கள். போட்டால் நிறம் பிடித்துக்கொள்ளும். முதலில் சிவப்பு நூல் அத்தனையையும் பிரித்து எடுங்கள், ஒரு இழைகூட இருக்கக் கூடாது. கடையில் வெளுப்புத்தூள் இருக்கும். டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சிட்டிகைகூட வேண்டாம், துணி இற்றுவிடும். வேறு துணி கலக்காமல் ஊறவைத்து, திரும்பத் துவையுங்கள். ஒரே தடவையில் போகாது. மூன்று தடவை ஆகலாம்.

நிற நூலை நான் வாங்கினவுடன் தைத்ததில்லை. கொதிக்கும் தண்ணீரில் போட்டு, தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருப்பேன். நீங்கள் டீ போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தது அதுதான். ஆஸ்பத்திரிக் கோட்டுக்கு நிறமே வேண்டாம். வெள்ளை நூல் போதும். கீழ்த்தளம் இடது பக்கம், மேல்தளம் வலது பக்கம். ஆளுக்கு எத்தனை தையல் என்று ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். தலைக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம்.

சிவப்பு, வாத்தியார் இருக்கும் தெரு. பச்சை, தபால்காரர் தெரு. மீதி பின்பக்கம் எழுதியிருக்கிறேன், முப்பத்தெட்டு வீடு.

இன்னொன்று. நர்ஸம்மாவிடம் "கொடுக்கறத கொடுங்க" என்று சொன்னீர்களா? சொல்லியிருப்பீர்கள். கண்ணாடியம்மாவுடன் உட்கார்ந்து ஒரு கோட்டுக்கு சோப்பு, தண்ணீர், கரண்டு, உங்கள் நேரம் எல்லாம் எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள்.

இங்கே என்னை மேற்பார்வைக்குப் போடப் போகிறார்கள். சம்பளம் கூடும். அதனால் வருவேன் என்று நினைக்க வேண்டாம். வந்தாலும் எதற்கு வருவது, அதே மூலைக்கா?

நீங்கள் கூட்டத்தில் சொன்னதைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

*

மே 8

என் தங்கத்துக்கு,

இருபது வெளுத்துடுச்சு! சாமி சத்தியமா, புது வெள்ளை. ரெண்டு மட்டும் பிடிவாதமா ரோஜாவாவே நின்னுடுச்சு. அந்த ரெண்டுக்கும் புதுசு வாங்கிக் கொடுத்துட்டேன். பெரிய நர்ஸம்மா ஒவ்வொரு காலரையும் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. கடைசியா, "சரி, வருஷம் முழுக்க நீங்களே பண்ணுங்க"ன்னாங்க.

அதோட முடிஞ்சதா? என்ன ரேட்டுன்னு கேட்டாங்க. நாக்கு நுனி வரைக்கும் "கொடுக்கற..." வந்துடுச்சு. கண்ணாடியம்மா ரெண்டு நாள் என்னோட உக்காந்து எல்லாம் எழுதிப் போட்டுக் கொடுத்திருந்தாங்க. என் நேரத்துக்கும் ஒரு விலை போட்டாங்க கண்ணு, எனக்கு வெக்கமாப் போச்சு. அந்த விலை அட்டைய எடுத்து நீட்டினேன். நர்ஸம்மா பாத்துட்டு, "இவ்வளவுதானா?"ன்னாங்க! இருபத்திரண்டு வருஷம் சொற்பக் காசுக்குத் துவைச்சு நான் யாருக்குக் கோயில் கட்டிக்கிட்டு இருந்தேன்னு தெரியல.

இப்ப உலர்த்தற மெஷினுக்கு ரெண்டாவது பங்கு தரலாம்னு சங்கம் சொல்லுது. ஆனா கண்ணாடியம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. "உங்களுக்கு உடம்பு முடியாமப் போனா இந்தக் கடைய யாரு நடத்துவா?" நான், ஆண்டவன்னு சொல்ல வாயத் திறந்தேன். "ஆண்டவன தவிர"ன்னுட்டாங்க. கெட்டிக்காரி.

இதோட சங்கத்துல நிரப்பித் தரச் சொன்ன ஒரு பாரம் இருக்கு. உரிமையாளர்னு ரெண்டு கோடு. ரெண்டாவது கோட்டுல நான் கையெழுத்துப் போட்டுட்டேன். முதல் கோடு சும்மா இருக்கு.

வேலைக்குக் கூப்பிடலடி. வேலைக்குக் கூப்பிட்டா நீ ஹோட்டல்லயே இரு, அங்க சம்பளம் ஜாஸ்தி. உன் கைய நம்பித்தான் சங்கம் கொடுத்துச்சு, அந்தக் கைதான் முதல்ல எழுதணும். லாபத்துல பாதி. நஷ்டத்துலயும் பாதி, அதையும் சொல்லிடறேன். மூலையில இருந்த ஸ்டூல எடுத்துட்டேன். ஜன்னலுக்குக் கீழ பெரிய மேசை போட்டிருக்கேன், வாசல்ல இருந்து பாத்தா தெரியும்.

வேண்டாம்னா பாரத்த அப்படியே திருப்பி அனுப்பிடு. கோவிச்சுக்க மாட்டேன். ரெண்டு நாள் கோவிச்சுப்பேன், அப்புறம் சரியாயிடுவேன்.

அத்தை

*

மே 14

அத்தைக்கு,

படிவத்தை மூன்று நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். மேற்பார்வை வேலைக்கான கடிதமும் அங்கேதான் இருந்தது.

நேற்று இங்கே ஒரு விரிப்பு கிழிந்தது. யாரும் வருத்தப்படவில்லை, தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார்கள். நம் கடையில் ஒரு சட்டையில் பட்டன் போனால் அது யாருடையது, அவர் நாளைக்கு எங்கே போகப் போகிறார் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் நாற்பத்தியொரு தடவை வாசலுக்குப் போனதைக் கண்ணாடியம்மா தப்பு என்று எழுதியிருந்தால், அது ஒன்றில் மட்டும் அவர் சொல்வது சரியில்லை. முக்குக் கடை வண்டிக்கு வாய் கிடையாது. வீட்டுக்கு வீடு போய்த் துணி வாங்கிவரலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் பேசிக்கொண்டே வாங்கிவருவீர்கள், நான் உள்ளே பார்த்துக்கொள்வேன்.

விலை அட்டை வாசலில் இருக்கவேண்டும். சாமி படத்துக்குப் பின்னால் இல்லை. உங்களை எனக்குத் தெரியும்.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முதல் கோட்டில்.

*

மே 21

என் கண்ணே,

பாரத்த எடுத்துக்கிட்டு ஓடினேன், முட்டி வலியெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. அட்டைய வாசலுக்கு மாத்திட்டுத்தான் போனேன், அது எப்படி உனக்குத் தெரிஞ்சுது?

சங்கத்துல எல்லாரும் இருந்தாங்க. வீட்டுக்கு வீடு போற யோசனையச் சொன்னேன். ரொட்டிக் கடைக்காரர் காலையில ரொட்டி கொண்டுபோற வண்டி திரும்பி வரும்போது காலியாத்தான் வருது, துணி மூட்டைய அதுல போட்டுக்கலாம்னார். செருப்புத் தைக்கிறவருக்கு மிதிமெஷின் வந்துடுச்சு. என்னப் பாத்து முதல் தடவையா சிரிச்சார், முன்பல் ரெண்டு இல்லன்னு இப்பத்தான் தெரியும். கடை சொந்தக்காரரும் காலையில வந்து, ஆஸ்பத்திரிக் காசுல கட்டின பாக்கிய வாங்கிக்கிட்டு, இன்னும் மூணு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துட்டார். அன்னைக்குச் சிரிச்ச மாதிரி சிரிக்கல.

கண்ணாடியம்மா பாரத்த வாங்கி, முதல் பேர உரக்கப் படிச்சாங்க. அப்புறம் கண்ணாடிக்கு மேல என்னப் பாத்து, "முதலாளி இவங்கன்னா, நீங்க யாரும்மா?"ன்னாங்க. விளையாட்டுக்குத்தான் கேட்டாங்க. எல்லாரும் நான் ஒரு மணி நேரம் பேசுவேன்னு சாய்ஞ்சு உக்காந்தாங்க.

"நான் அவ அத்தை"ன்னேன்.

சனிக்கிழமை வர்றன்னு உங்கம்மா சொன்னாங்க, எந்த வண்டி? எத்தனை மணிக்குன்னு எழுது. இல்ல, எழுதாத. போன எடு.

அத்தை